நுரையின் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் வசிக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் ஒரு வார இறுதியைக் கழிக்க நேர்ந்தது. பழைய குளிர்பெட்டி ஒன்றின் மேல்தட்டைத் துளைத்து, அதில் ஓர் உலோகத் தூணையும் தூணின் தலையில் ஒரு குழாயையும் பொருத்தியிருந்தார். உள்ளே அவரே காய்ச்சிப் புளிக்கவைத்த 19 லிட்டர் பீர். பக்கத்தில் கரியமில வாயு அடைத்த சிறு உருளை. ஒரு மாத உழைப்பு அது. விருந்தினர்கள் சூழ்ந்து நிற்க, கண்ணாடிக் குவளையைச் சாய்த்துப் பிடித்துக் குழாயைத் திறந்தார். முக்கால் குவளைக்கு நுரை வந்தது. அடியில் இரண்டு விரற்கடை பீர்.

வாயுவின் அழுத்தம் அதிகமாகிவிட்டது என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னோம். அவரும் திருகைச் சற்றுத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்தார். அடுத்த குவளையிலும் நுரைதான். மேலும் குறைத்தார். நுரை மேலும் பெருகியது. நுரை நிறைந்த குவளைகள் ஒவ்வொன்றாகச் சமையலறைத் தொட்டியில் கவிழ்க்கப்பட்டன. அன்றிரவு அவருடைய ஒரு மாத உழைப்பில் பாதி சாக்கடைக்குப் போயிற்று. அவர் முகத்தில் இருந்தது கோபமன்று, ஒருவித அவமானம். தன் கையால் செய்த ஒன்றைப் பிறருக்குத் தர முடியாமற்போன மனிதனின் அவமானம்.

நாங்கள் சொன்ன யோசனை தவறானது என்பதை அறிய எனக்குப் பல மாதங்கள் ஆயின. அதைத் தேடிப் போன வழியில்தான் இந்த நுரைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பது தெரியவந்தது. ஊற்றுபவனுக்கும் குடிப்பவனுக்கும் இடையே காலங்காலமாக நடந்துவரும் ஒரு வழக்கின் வரலாறு என்று அதைச் சொல்லலாம்.

*

அந்த வழக்கின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று கல்லில் இருக்கிறது. 1901ஆம் ஆண்டில் பண்டைய சூசா நகரின் இடிபாடுகளில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஹமுராபியின் சட்டத் தூண், ஏறத்தாழ கி.மு. 1750ஐச் சேர்ந்தது. அதில் மதுக்கடை நடத்தும் பெண்ணைப் பற்றிய ஒரு விதி உண்டு. பீருக்கு விலையாகத் தானியத்தை ஏற்க மறுத்து வெள்ளியைக் கேட்டாலோ, தானியத்தின் மதிப்புக்கு ஈடாகாதபடி பீரின் அளவைக் குறைத்தாலோ, அவள் நீரில் எறியப்பட வேண்டும். நுரை என்ற சொல் அவ்விதியில் இல்லை. ஆனால் கலத்தில் ஊற்றப்பட்டது உரிய அளவுதானா என்ற ஐயம், மரண தண்டனை விதிக்கும் அளவுக்கு அன்றே வளர்ந்திருந்தது என்பதை அது காட்டுகிறது.

அக்காலத்து பீரின் மேல் மிதந்தது பெரும்பாலும் உமியும் மாவுமாக இருக்கக்கூடும். பானையைச் சுற்றி அமர்ந்து நீண்ட நாணற்குழல்களால் உறிஞ்சிக் குடிக்கும் மனிதர்களை மெசப்பொட்டாமிய முத்திரைகளில் காண்கிறோம். மேலே மிதப்பதைத் தவிர்த்து அடியில் இருப்பதைப் பெறுவதற்கான உபாயம் அது. அடர்ந்து, வெண்மையாய், நிலைத்து நிற்கும் நுரை உருவாக வேண்டுமானால் வாயு பானத்துக்குள்ளேயே அடைபட்டிருக்க வேண்டும். அந்த வாயு எது என்று கண்டறிய மனிதகுலம் பதினெட்டாம் நூற்றாண்டு வரை காத்திருந்தது.

*

1767இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற மதபோதகர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். பிற்காலத்தில் ஆக்சிஜனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவராகப் பெயர் பெறப்போகும் அவர், அப்போது வேதியியலில் புதியவர். அவர் குடியிருந்த வீட்டுக்கு அருகில் ஒரு பீர் ஆலை இருந்தது. புளித்துக்கொண்டிருக்கும் தொட்டிகளின் மேல் ஒரு கனத்த காற்று படிந்து நிற்பதையும், எரியும் குச்சியை அதில் நீட்டினால் அணைந்துவிடுவதையும் அவர் கவனித்தார். ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1750களில் ஆராய்ந்து 'நிலைக்காற்று' என்று பெயரிட்டிருந்த அதே காற்று. இன்று நாம் கரியமில வாயு என்கிறோம்.

அந்தத் தொட்டியின் மேல் இரண்டு கலங்களைப் பிடித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார் பிரீஸ்ட்லி. சில நிமிடங்களில் தண்ணீர் இனிய புளிப்பும் துள்ளலும் கொண்டதாக மாறியது. இயற்கை ஊற்றுகளில் மட்டுமே கிடைத்துவந்த, நோய் தீர்க்கும் என்று நம்பப்பட்ட நீரின் சுவை அது. 1772இல் இம்முறையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். மறு ஆண்டே ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் அளித்தது.

இதிலிருந்து பிறந்த சோடா நீர்த் தொழில் வழியாகவே நம் ஊர் கோலி சோடாவும் வந்தது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1872இல் காப்புரிமை பெற்ற புட்டி அது. உள்ளிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளிக் கழுத்தை அடைத்துக்கொள்ளும். கோலியை அழுத்திய கணத்தில் என்ன நிகழும் என்பதை நம்மில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே கண்டிருப்போம். பனிக்கட்டிப் பெட்டியில் கிடந்த சோடா 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு அடங்கும். சித்திரை வெயிலில் காய்ந்த சோடாவோ பொங்கிச் சட்டையை நனைக்கும். என் நண்பரின் குழாயில் நிகழ்ந்ததும் அடிப்படையில் இதுதான் என்பதை நினைவிற்கொள்வது நல்லது.

இதற்கான விதியை வகுத்தவர் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி. அவருடைய தந்தை தாமஸ் ஹென்றி செயற்கை ஊற்றுநீர் தயாரித்து விற்ற மருந்துக் கடைக்காரர் என்பது இங்கு பொருத்தமான செய்தி. ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவு, அத்திரவத்தின் மேல் அவ்வாயு செலுத்தும் அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று மகன் ஹென்றி 1803இல் எழுதினார். திரவம் குளிரக் குளிர வாயு அதிகம் கரையும். சூடேறினால் வெளியேறத் துடிக்கும். ஆகவே பீரில் எவ்வளவு வாயு தங்கும் என்பதை அழுத்தம், வெப்பம் என்ற இரண்டும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்து மற்றொன்றை மறப்பவன் நுரையில் நிற்பான்.

*

விஞ்ஞானிகள் விதிகளை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் மதுக்கடைக்காரர்கள் வேறொரு சிக்கலில் இருந்தார்கள். பீர் நிலவறையில் இருந்தது. குடிப்பவர்கள் மேலே இருந்தார்கள். குடுவைகளை ஏந்திப் படிகளில் ஏறி இறங்கும் பையன்கள்தான் இரண்டுக்கும் இடையிலான இணைப்பு. 1797இல் லண்டனில் ஜோசப் பிராமா பெற்ற காப்புரிமைகளுள் ஒன்று, பீரை நிலவறையிலிருந்து மேலே இழுக்கும் கைப்பம்பு. எவராலும் திறக்க முடியாது என்று சவால் விடப்பட்ட பூட்டையும், நீரழுத்த இயந்திரத்தையும் உருவாக்கியவர் அவர். ஆங்கிலேய மதுக்கடைகளில் இன்றும் காணப்படும் நீண்ட கைப்பிடிகள் அந்த மரபில் வந்தவையே.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. உறிஞ்சி இழுக்கும்போது அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் வாயு பிரிந்து நுரைக்க வேண்டுமே? அது நுரைக்காமல் இருந்ததற்குக் காரணம் நிலவறைக்காரன் என்ற ஒரு மனிதன். பீப்பாயின் மேற்புறத் துளையில் முதலில் மென்மரத்தால் ஆன ஒரு முளையைச் செருகுவான். அதன் நுண்துளைகள் வழியே மிகையான வாயு மெல்லக் கசிந்து வெளியேறும். போதும் என்று அவனுக்குத் தோன்றும்போது அதை எடுத்துவிட்டுக் கடினமரத்தால் ஆன முளையைச் செருகி எஞ்சிய வாயுவைச் சிறைப்படுத்துவான். எப்போது மாற்ற வேண்டும் என்பதைக் கண்ணும் காதும் அனுபவமும் சொல்லும். நிலவறையின் குளுமை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸில் நின்று அவனுக்குத் துணைபுரிந்தது. கருவிகள் பின்னாளில் ஏற்றுக்கொண்ட வேலையை அன்று ஒரு மனிதனின் கவனம் செய்துகொண்டிருந்தது.

இன்னொரு பாதி ஒரு மருத்துவரிடமிருந்து வந்தது. பிரான்சைச் சேர்ந்த புவசேய், உடலின் நுண்குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறியும் ஆவலில், மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவங்களைச் செலுத்தி 1838 முதல் சோதனைகள் செய்தார். குழாய் நீண்டால் ஓட்டம் அதே விகிதத்தில் குறைகிறது. குழாயின் ஆரம் பாதியானாலோ ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்று கண்டார். சலனமின்றிச் சீராக ஓடும் திரவத்துக்கான கணக்கு இது. பீர்க் குழாயில் ஓட்டம் அதைவிட வேகமானது, சுழிப்பு மிக்கது. ஆகவே எண்கள் அப்படியே பொருந்தா. ஆயினும் பாடம் ஒன்றே: நீளமும் குறுகலும் அழுத்தத்தைத் தின்னும்.

இதையும் ஹென்றியின் விதியையும் சேர்த்துப் பார்த்தால் முழுச் சித்திரம் கிடைக்கிறது. பீரில் வாயு தங்குவதற்குப் பீப்பாயில் அழுத்தம் தேவை. ஆனால் அதே அழுத்தத்தோடு குவளையில் பாய்ந்தால் பீர் உடைந்து நுரையாகிவிடும். ஆகவே பீப்பாயிலிருந்து வாய்க்கு வரும் வழியில் அந்த அழுத்தம் சிறிது சிறிதாகச் செலவழிய வேண்டும். மெல்லிய நீண்ட குழாய்தான் அந்தச் செலவாளி. வரவும் செலவும் சமமானால் பீர் அமைதியாக இறங்கும். இதைத் தொழிலில் 'சமன் செய்தல்' என்கிறார்கள்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. கார்ல் ஃபான் லிண்ட 1870களில் மியூனிக் பீர் ஆலைகளின் ஆதரவோடு குளிர்விக்கும் இயந்திரங்களை உருவாக்கினார். திரவமாக்கப்பட்ட கரியமில வாயு இரும்பு உருளைகளில் விற்பனைக்கு வந்தது. குளிரும் அழுத்தமும் மனிதனின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. துள்ளலான, நுரை ததும்பும் பீர் எளிதாகக் கிடைக்கலாயிற்று. கூடவே பழைய வழக்கும் புத்துயிர் பெற்றது.

மியூனிக்கில் அப்போது ஒரு லிட்டர் பீரைக் களிமண்ணால் சுட்ட சாம்பல்நிறக் குவளைகளில் ஊற்றித் தருவார்கள். அது பீரைக் குளுமையாக வைத்திருக்கும் என்பது உண்மை. உள்ளே பீர் எவ்வளவு, நுரை எவ்வளவு என்று வெளியிலிருந்து தெரியாது என்பதும் உண்மை. 1899இல் அந்நகரக் குடிமக்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் பெயரே 'மோசடியாக ஊற்றுவதற்கு எதிரான சங்கம்'. கேட்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாள்கூலிக்காரன் ஒருவனுக்குக் குவளையில் ஒரு விரற்கடை என்பது வேடிக்கையன்று. அது அவன் வியர்வையின் ஒரு பங்கு. ஒரு பீப்பாயில் ஒவ்வொரு குவளைக்கும் ஒரு விரற்கடை மிச்சம் பிடித்தால் கடைக்காரனுக்குச் சேரும் தொகை சிறிதன்று. 1970இல் இச்சங்கம் மறுபடியும் உயிர்பெற்றது. அக்டோபர் திருவிழாக் கூடாரங்களில் குவளைகள் சரியாக நிரப்பப்படுகின்றனவா என்று கண்காணிப்பது அதன் வேலைகளுள் ஒன்று.

வழக்கின் தீர்ப்பாக ஜெர்மனியில் அமைந்தது ஒரு கோடு. கண்ணாடிக் குவளையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே பொறிக்கப்பட்ட அளவுக்கோடு அது. பீர் கோட்டைத் தொட வேண்டும். நுரை அதற்கு மேலே தன் இடத்தில் நிற்கலாம். நுரையை ஒழிக்கவில்லை, அதற்கென்று தனி இடம் ஒதுக்கினார்கள். ஊற்றுபவனின் நேர்மையை நம்பியிருக்க வேண்டிய தேவையை ஒரு மெல்லிய கோடு பெருமளவு குறைத்துவிட்டது.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. அங்கே பைண்ட் குவளையில் (568 மி.லி.) விளிம்பே பெரும்பாலும் அளவு. அப்படியானால் நுரை எங்கே நிற்பது? வடக்கு இங்கிலாந்தில் தடித்த நுரையை விரும்புகிறார்கள். தெற்கில் அதை ஏமாற்று என்பார்கள். 1985ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தில், நுரையிலுள்ள வாயுவை அளவில் சேர்க்கலாகாது என்ற பிரிவு எழுதப்பட்டது. ஆனால் அது ஒருபோதும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. குவளையில் குறைந்தது 95 விழுக்காடு திரவம் இருக்க வேண்டும், கேட்டால் மேலும் நிரப்பித் தர வேண்டும் என்ற தொழில்துறை வழிகாட்டுதலே பின்பற்றப்படலாயிற்று. வாய்திறந்து கேட்பவனுக்கு முழு பைண்ட். கேட்கக் கூச்சப்படுபவனுக்கு ஐந்து விழுக்காடு குறைவு.

*

நுரைக்காகவே ஒரு பெரும் ஆலை பல ஆண்டுகள் உழைத்த கதை அயர்லாந்தில் நடந்தது. டப்ளினில் 1759இல் தொடங்கிய கின்னஸ் ஆலையின் கறுப்பு பீருக்கு வெண்ணெய் போன்ற நுரையே அடையாளம். அதை உண்டாக்க அயர்லாந்து மதுக்கடைகளில் இரண்டு பீப்பாய்கள் வைத்திருந்தார்கள். ஒன்றில் துள்ளல் மிக்க இளம் பீர். மற்றொன்றில் துள்ளல் அடங்கிய முதிர்ந்த பீர். முதலாவதிலிருந்து நுரையைப் பிடித்து, அடங்கும்வரை காத்திருந்து, மேல்மட்டத்தைச் சீவிவிட்டு, இரண்டாவதிலிருந்து நிரப்புவார்கள். ஒரு குவளைக்குப் பல நிமிடங்கள். கைதேர்ந்தவர் ஊற்றினால் கலை. அல்லாதவர் ஊற்றினால் நுரையும் நேரமும் வீண்.

இதை எவர் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஒரே குழாய்க்குள் அடக்கும் பணி 1950களில் மைக்கேல் ஆஷ் என்பவரிடம் வந்தது. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர் அவர். கணிதம் அறிந்தவர்களைப் பணியில் அமர்த்துவது அவ்வாலைக்குப் புதிதன்று. 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908இல் புள்ளியியலின் புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய காசெட்டும் அங்கே பணியாற்றியவரே. ஆஷின் முயற்சியைச் சக ஊழியர்கள் கேலி செய்தார்கள். 'டிராஃப்ட் கின்னஸ்' என்பதை 'டாஃப்ட் கின்னஸ்' என்றார்கள். டாஃப்ட் என்றால் அசட்டுத்தனம்.

ஆஷ் கண்ட விடை நைட்ரஜன். கரியமில வாயுவைவிடப் பல மடங்கு குறைவாகவே அது பீரில் கரையும். ஆகவே பீரை மிகையாகத் துள்ளவைக்காமல் அதை உந்தித் தள்ளலாம். குழாயின் வாயில் நுண்துளைகள் கொண்ட ஒரு தகட்டைப் பொருத்தினால், பீர் அதன் வழியே பிதுங்கும்போது மிகச் சிறிய குமிழிகள் பிறக்கும். அவை எளிதில் ஒன்றையொன்று விழுங்கிப் பெருப்பதில்லை. அதனால் நுரை நெடுநேரம் நிற்கும். ஏறத்தாழ முக்கால் பங்கு நைட்ரஜனும் கால் பங்கு கரியமில வாயுவும் கொண்ட கலவை வழக்கமாயிற்று. ஆலையின் இருநூறாம் ஆண்டான 1959இல் இம்முறை வெளிவந்தது. பின்னர் அதே நுரையை டப்பாவுக்குள் கொண்டுவரும் சிறு பிளாஸ்டிக் குமிழும் வந்தது. 1969இல் காப்புரிமை பெற்ற அந்த யோசனை, 1980களின் இறுதியில்தான் விற்பனைக்கு எட்டியது.

வெற்றிக் கதைகளில் வழக்கமாக விடுபடுவோர் இங்கும் உண்டு. மரப்பீப்பாய்கள் போய் உலோகப் பீப்பாய்கள் வந்தபோது, தலைமுறை தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மகன் கற்றுவந்த பீப்பாய்க் கைவினை டப்ளினில் தேய்ந்து மறைந்தது. இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே நின்று நுரையைச் சீவியவரின் கைத்திறனும் உடன் போயிற்று. குடிப்பவருக்கு எங்கும் ஒரே தரம் கிடைத்தது. அந்தத் தரத்தை முன்பு தம் கைகளில் வைத்திருந்தவர்களுக்கு அதனால் ஏதும் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் இதற்கு எதிர்க்குரல் எழுந்தது. வடிகட்டி, சூடேற்றி, கரியமில வாயுவால் தள்ளப்படும் உலோகப் பீப்பாய் பீர் 1960களில் எங்கும் பரவியபோது, நிலவறைக்காரனின் முளைகளும் கைப்பம்பும் அழிந்துவிடும் என்று அஞ்சிய நால்வர் 1971இல் 'காம்ரா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். பீப்பாயிலேயே உயிரோடு புளித்து முதிர்ந்து, வெளியிலிருந்து வாயு செலுத்தப்படாமல் ஊற்றப்படுவதே உண்மையான ஏல் பீர் என்றார்கள். இயந்திரத்துக்கும் கைக்கும் இடையிலான சண்டையில் கை சிறிதளவேனும் வென்ற அபூர்வமான இடம் அது.

*

இனி நண்பரின் வீட்டுக்குத் திரும்பலாம். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் நீங்கியபின்னும் வீட்டில் பீர் தயாரிப்பது சட்டவிரோதமாகவே நீடித்தது. ஒயினுக்குக் கிடைத்த விலக்கு பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அதை மாற்றியது. பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ மேற்பட்டோரோ இருந்தால் 200 காலன் தயாரிக்கலாம். இங்கிலாந்தில் இதற்கான உரிமத் தேவை 1963லேயே நீக்கப்பட்டிருந்தது. அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும் இதை ஏற்றுக்கொள்ள 2013 வரை ஆயிற்று.

கருவிகள் எதிர்பாராத திசையிலிருந்து கிடைத்தன. குளிர்பான நிறுவனங்கள் தம் இனிப்புப் பாகை அனுப்பப் பயன்படுத்திய 5 காலன் எஃகுக் கலன்களை, பிளாஸ்டிக் பைகள் வந்தபின் கைவிட்டன. மலிவாக விற்பனைக்கு வந்த அவற்றை வீட்டில் பீர் தயாரிப்போர் வாங்கிக்கொண்டார்கள். பிரீஸ்ட்லி பீர்த் தொட்டியிலிருந்து சோடாவைப் பிறப்பித்தார்; இரு நூற்றாண்டுகள் கழிந்து சோடாவின் கலன் பீருக்குத் திரும்பி வந்தது. இவ்வாறு ஒவ்வொரு வீடும் ஒரு மதுக்கடை ஆயிற்று. ஆனால் கலனோடு நிலவறைக்காரன் வரவில்லை. மென்மர முளையை எப்போது மாற்றுவது என்று அறிந்த அந்த மனிதனின் அறிவு, விற்பனைப் பெட்டியில் வைத்துத் தரப்படுவதன்று.

நண்பர் மறுபடியும் எழுதியபோது, தான் செய்த தவறுகளை ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். வெப்பமானியை வெறும் காற்றில் வைக்காமல் ஒரு குவளை நீரில் இட்டுக் குளிர்பெட்டிக்குள் ஒரு நாள் வைத்துப் பார்த்திருக்கிறார். 3 டிகிரி என்று நம்பியிருந்தது உண்மையில் 8 டிகிரிக்கு மேல். வழக்கமான ஏல் பீரில், பீரின் கொள்ளளவைப் போல் இரண்டரை மடங்கு வாயு கரைந்திருக்கும். அது அமைதியாகத் தங்கியிருக்க, 3 டிகிரியில் சதுர அங்குலத்துக்கு 11 அல்லது 12 பவுண்டு அழுத்தம் போதும். 10 டிகிரியிலோ ஏறத்தாழ 18 பவுண்டு வேண்டும். நாங்கள் செய்யச் சொன்னது என்ன? ஏற்கெனவே குறைவாக இருந்த அழுத்தத்தை மேலும் குறைக்கச் சொன்னோம். கோலியை அழுத்திவிட்டுச் சோடா ஏன் பொங்குகிறது என்று வியப்பதைப் போன்றது அது. அழுத்தம் குறைந்ததும் வாயு கலனிலும் குழாயிலும் பிரியத் தொடங்கும். குழாயைத் திறக்கும் முன்பே பீர் பாதி நுரையாகியிருக்கும். மிகையான வாயு ஏறிய பீர்தான் என்றால், உருளையை மூடிவிட்டு, கலனின் வால்வைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து மூச்சுவிடச் செய்வதே முறை. பழைய மென்மர முளை செய்த அதே வேலை.

இரண்டாவது, குழாயின் நீளம். கடையில் தந்த ஒரு மீட்டருக்கும் சற்று அதிகமான துண்டையே அவர் பொருத்தியிருந்தார். 5 மி.மீ. உள்விட்டம் கொண்ட குழாயை ஏறத்தாழ 3 மீட்டர் நீளத்துக்கு மாற்றியதும், அழுத்தம் வழியிலேயே செலவழிந்து ஓட்டம் சீரானது. மூன்றாவது, தூண். முதற் குவளை மட்டும் நுரைத்து அடுத்தவை சரியாக வந்தால், குளிர்பெட்டிக்கு வெளியே நிற்கும் தூணில் தங்கிய பீர் சூடேறியிருக்கிறது என்று பொருள். சிறு விசிறி ஒன்றால் குளிர்காற்றை மேலே ஏற்றினால் தீரும். நான்காவது, தூய்மை. குழாயின் உட்சுவரில் படியும் பீர்க்கல், அதாவது கால்சியம் ஆக்சலேட், ஒவ்வொரு துகளிலும் குமிழிகளைப் பிறப்பிக்கும். தொழில்முறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயைக் கழுவ வேண்டும் என்பது விதி. கடைசியாக, குழாயை அரைகுறையாகத் திறக்கலாகாது. பயந்து பாதி திறப்பவனுக்கே நுரை அதிகம். குறுகிய இடுக்கில் பீய்ச்சப்படும் பீர் உடைந்துபோகும்.

இவை எதுவும் புதிய அறிவன்று. ஹென்றி 1803இல் எழுதியதும், புவசேய் கண்ணாடிக் குழாய்களில் கண்டதும், பெயர் தெரியாத நிலவறைக்காரர்கள் அதற்கும் முன்பே விரல் நுனியில் வைத்திருந்ததும்தான். நுரையை மனிதன் எதிரியாகவும் நினைத்ததில்லை. பார்லியின் புரதமும் ஹாப்ஸின் கசப்பும் சேர்ந்து கட்டும் அந்த வெண்முடி இல்லாத பீரைக் குடிப்பவரே மறுப்பார். அளவுக்கு உட்பட்டு நிற்கும்போது அது மணத்தைச் சுமக்கிறது. அளவு மீறினால், குடிப்பவருக்கு ஏமாற்று, ஊற்றுபவருக்கு இழப்பு.

அடுத்த முறை நான் சென்றபோது நண்பர் என்னிடம் குவளையைத் தந்து, நீங்களே ஊற்றுங்கள் என்றார். சாய்த்துப் பிடித்துக் குழாயை ஒரே வீச்சில் முழுவதும் திறந்தேன். பொன்னிறத்தில் சத்தமின்றி இறங்கிய பீரின் மேல் இரண்டு விரற்கடை நுரை நின்றது. அவர் அந்த நுரையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அன்றைக்கு வந்திருந்தவர்களை எல்லாம் மறுபடியும் அழைக்க வேண்டும் என்றார்.